மூச்சு கூடினாலும் குறைந்தாலும்

உடல் ஆக்சிஜனை அதிகம் செலவழித்தால் ஃப்ரீ ராடிக்கல்கள் அதிகம் உருவாகும், அவை செல்களை அரிக்கும், ஆகவே உடற்பயிற்சி செய்கிறவர்கள் ஆன்டிஆக்சிடன்ட் மாத்திரை போட்டுக்கொள்வது நல்லது என்று உடற்பயிற்சிக் கூடங்களிலும் மருந்துக்கடைகளிலும் நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வருகிறது. கேட்பதற்குச் சரியாகத்தான் தோன்றும். ஆனால் இந்த வாதத்தை எடுத்துக்கொண்டு மலையேறினால் அது பாதி வழியில் நின்றுவிடும். சும்மா உட்கார்ந்திருப்பவரின் உடல் நிமிடத்துக்குச் சுமார் கால் லிட்டர் ஆக்சிஜனைப் பயன்படுத்துகிறது. மூச்சிரைக்க ஓடும்போது அது 3 லிட்டரைத் தொடுகிறது. தேர்ந்த ஓட்டக்காரருக்கு 5 லிட்டரையும் தாண்டும். 5,300 மீட்டர் உயரத்தில், எவரெஸ்ட் அடிவார முகாமில், நிலைமை வேறு. அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறையப் பாதி என்பதால் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜனும் பாதிதான். ஓர் இடத்தில் செலவு பன்மடங்கு கூடுகிறது. இன்னோர் இடத்தில் வரவே பாதியாகிறது. இரண்டு இடங்களிலும் இரத்தத்தில் தெரியும் தடயங்கள் ஒன்றுதான்: செல்சவ்வின் கொழுப்பு சிதைந்து உண்டான பொருட்கள் கூடுகின்றன, குளூட்டாதையோன் போன்ற காப்புப் பொருட்களின் சமநிலை குலைகிறது. அப்படியானால் ஃப்ரீ ராடிக்கல்கள் காப்பை மிஞ்சும் இந்த நிலையை, அதாவது ஆக்சிஜனேற்ற அழுத்தத்தை, ஆக்சிஜனின் அளவை மட்டும் வைத்து விளக்க முடியாது. அந்த அழுத்தம் எவ்வளவு நேரம் நீடிக்கிறது, அது தணிந்து உடல் மீள்வதற்கு அவகாசம் கிடைக்கிறதா என்பவைதான் அது நன்மையாக முடியுமா கேடாக முடியுமா என்பதைப் பெரும்பாலும் தீர்மானிக்கின்றன. மாத்திரைகள் இந்த இடத்தில்தான் குறி தவறுகின்றன.

பழைய கருத்து எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும், ஏனென்றால் அது வெறும் வணிகப் பேச்சாகத் தொடங்கவில்லை. 1954இல் ரெபேக்கா கெர்ஷ்மானும் சக ஆய்வாளர்களும் அதிக ஆக்சிஜன் உடலுக்கு ஏற்படுத்தும் நச்சும் எக்ஸ்-கதிர் ஏற்படுத்தும் சேதமும் ஒரே வழியில், ஃப்ரீ ராடிக்கல்கள் மூலமாக நடப்பதாக எழுதினார்கள். 1956இல் டென்ஹாம் ஹார்மன் முதுமைக்கே இதுதான் காரணம் என்றார். 1969இல் மெக்கார்டும் ஃப்ரிடோவிச்சும் சூப்பர் ஆக்சைடு என்ற ஃப்ரீ ராடிக்கலை அழிப்பதற்கென்றே செல்லில் ஒரு நொதி இருப்பதைக் கண்டார்கள். அழிக்க ஒரு நொதி இருக்கிறது என்றால் அழிக்கப்படும் பொருளும் உடலுக்குள் ஓயாமல் உருவாகிக்கொண்டிருக்க வேண்டும். பிறகு 1973இல் போவெரிஸும் சான்ஸும், செல்லுக்கு ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாக்களைப் பிரித்தெடுத்து அளந்து பார்த்தபோது, அவை பயன்படுத்தும் ஆக்சிஜனில் 1 முதல் 2 சதவீதம் வரை ஹைட்ரஜன் பெராக்சைடாகக் கசியக்கூடும் என்று தெரிந்தது. அந்த ‘2 சதவீதம்’ பாடநூல்களில் ஏறியது. பத்து மடங்கு ஆக்சிஜன் செலவானால் பத்து மடங்கு கசிவு என்ற கணக்கும் கூடவே வந்து ஒட்டிக்கொண்டது.

அந்தக் கணக்கில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. 2 சதவீதம் என்பது சோதனைக் குழாயில், உடலுக்குள் காணப்படாத அளவுக்கு ஆக்சிஜனும் எரிபொருளும் கொடுத்து, மைட்டோகாண்ட்ரியா வேலை எதுவும் செய்யாமல் நிற்கும் நிலையில் எடுத்த அளவு. உடலுக்குள் இருப்பதற்கு நெருக்கமான சூழலில் மறுபடி அளந்த 2002ஆம் ஆண்டின் ஆய்வு, கசிவு 0.15 சதவீதத்தைத் தாண்டாது என்று காட்டியது. இன்னொன்றும் கவனிக்க வேண்டியது. தசை சுருங்கி விரியும்போது மைட்டோகாண்ட்ரியா ஏ.டி.பி. என்ற ஆற்றல் மூலக்கூறை முழுவீச்சில் தயாரிக்கிறது. அதற்குள் ஆக்சிஜனை நோக்கிக் கைமாறும் எலக்ட்ரான்கள் தங்காமல் ஓடுகின்றன. கசிவு விகிதம் ஓய்வில் இருந்ததைவிடக் குறையவே செய்கிறது. அப்படியிருந்தும் கடும் பயிற்சிக்குப் பின் தசையில் ஃப்ரீ ராடிக்கல்கள் கூடுகின்றன என்பதில் சந்தேகமில்லை. 1982இல் கெல்வின் டேவிஸ் குழுவினர், களைத்து விழும்வரை ஓடவிட்ட எலிகளின் தசையிலும் கல்லீரலிலும் அவை இரண்டு மூன்று மடங்கு ஆனதை நேரடியாக அளந்து காட்டினார்கள். மைட்டோகாண்ட்ரியா அவ்வளவு கசியவிடவில்லை என்றால் இவை எங்கிருந்து வந்தன? சமீப ஆண்டுகளின் ஆய்வுகள் தசைநாரின் சவ்வில் அமர்ந்திருக்கும் என்.ஏ.டி.பி.எச். ஆக்சிடேஸ் என்ற நொதியைக் கைகாட்டுகின்றன. சூப்பர் ஆக்சைடு தயாரிப்பதுதான் அந்த நொதியின் முழுநேர வேலை. உடல் தன் கையாலேயே, தசை சுருங்கும் நேரம் பார்த்து, ஒரு நொதியை வைத்து இந்தப் பொருளைத் தயாரிக்கிறது என்றால் அதை விபத்து என்று சொல்லிவிட முடியாது.

அந்தப் பொருள் செல்லுக்குள் என்ன செய்கிறது என்பதைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். சூப்பர் ஆக்சைடு நொடிப்பொழுதில் ஹைட்ரஜன் பெராக்சைடாக மாறுகிறது. செல்லின் திரவத்தில் கீப்-1 என்ற புரதம், என்.ஆர்.எஃப்-2 என்ற இன்னொரு புரதத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு, அதை ஓயாமல் அழிவுக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறது. கீப்-1இன் உடலில் சில இடங்களில் கந்தக அணுக்கள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பெராக்சைடு அவற்றைத் தொட்டதும் பிடி தளர்கிறது. தப்பிய என்.ஆர்.எஃப்-2 செல்லின் கருவுக்குள் போய் டி.என்.ஏ.யில் உட்கார்ந்து, குளூட்டாதையோன் தயாரிக்கும் நொதிகள் முதலான பல காப்பு நொதிகளுக்கான மரபணுக்களை இயக்கிவிடுகிறது. பி.ஜி.சி-1 ஆல்பா என்ற மற்றொரு புரதமும் கூடி, புதிய மைட்டோகாண்ட்ரியாக்கள் உருவாக வழிசெய்கிறது. சில மணி நேரத்தில் பெராக்சைடு தணிந்துவிடும். அது தட்டி எழுப்பிய காப்பு நொதிகள் நாள்கணக்கில் நிற்கும். பல வாரம் பயிற்சி செய்தவரின் தசையில் காப்பு நொதிகள் கூடுதலாக இருப்பதற்கு இதுவே காரணம். பயிற்சி தரும் பலனில் ஒரு பகுதி, பயிற்சி தரும் அந்தச் சிறு தொல்லையிலிருந்துதான் பிறக்கிறது.

இது உண்மையானால், அந்தத் தொல்லையை மாத்திரையால் அடக்கும்போது பலனும் அடங்க வேண்டும். 2008இல் ஸ்பெயினின் வலென்சியாவில் எலிகளுக்கு ஓட்டப் பயிற்சி கொடுத்தார்கள். பயிற்சி மட்டும் பெற்ற எலிகள் களைக்காமல் ஓடும் நேரம் மூன்று மடங்கை நெருங்கியது. கூடவே வைட்டமின் சி பெற்றவற்றுக்கு முன்னேற்றம் கால்பங்கு அளவிலேயே நின்றது. அடுத்த ஆண்டு ஜெர்மனியின் யேனாவில் மைக்கேல் ரிஸ்டோ குழுவினர் சுமார் 40 இளைஞர்களுக்கு நான்கு வாரம் பயிற்சி கொடுத்தனர். பாதிப் பேர் தினமும் 1,000 மில்லிகிராம் வைட்டமின் சியும் 400 யூனிட் வைட்டமின் இயும் எடுத்துக்கொண்டார்கள். இன்சுலினுக்கு உடல் ஒத்துழைக்கும் திறன், அதாவது சர்க்கரை நோயைத் தள்ளிவைப்பதற்கு உடற்பயிற்சி தரும் மிக முக்கியமான நன்மை, மாத்திரை எடுக்காதவர்களுக்கு மேம்பட்டது, எடுத்தவர்களுக்கு மேம்படவில்லை.

இந்த ஆய்வுகளுக்கு எதிரான சான்றும் உண்டு, அதை மறைப்பது நேர்மையாகாது. டென்மார்க்கில் நடந்த ஆய்வுகளில் அதே வைட்டமின்கள் பயிற்சியின் பலனைக் குறைக்கவில்லை. 2014இல் நார்வேயில் 54 பேரை வைத்து 11 வாரம் நடத்திய ஆய்வில், மைட்டோகாண்ட்ரியா பெருகுவதைக் காட்டும் புரதங்கள் மாத்திரை எடுத்தவர்களின் தசையில் கூடவில்லை. ஆனால் அவர்களின் ஓட்டத் திறனும் உச்ச ஆக்சிஜன் பயன்பாடும் மற்றவர்களைப் போலவே முன்னேறின. ஆக, மாத்திரை பயிற்சியைப் பாழாக்கிவிடும் என்று அடித்துச் சொல்ல இடமில்லை. மாத்திரை பயிற்சியின் பலனைக் கூட்டும் என்று சொல்லவும் இந்த ஆய்வுகள் எதிலும் இடமில்லை என்பதைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். கிரேக்க ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட ஆய்வு இந்தக் குழப்பத்தை ஓரளவு தீர்க்கிறது. அவர்கள் மாத்திரையையே ஒதுக்கிவைத்தார்கள். ஒரே பயிற்சி செய்தாலும் ஒவ்வொருவர் உடலிலும் எழும் ஆக்சிஜனேற்ற அழுத்தம் வேறுபடுகிறது என்பதைப் பயன்படுத்தி, மக்களைக் குறைவு, நடுத்தரம், அதிகம் என்று பிரித்து ஆறு வாரம் பயிற்சி கொடுத்தார்கள். அழுத்தம் குறைவாக எழுந்தவர்களே மிகக் குறைவாக முன்னேறினார்கள். மருந்தின் பக்கவிளைவு என்று சந்தேகிக்க வழியில்லாத சான்று இது என்பதால் எனக்கு இது மற்றவற்றைவிடக் கனமாகப் படுகிறது.

இப்போது மலைக்கு வருவோம். எவ்வளவு உயரம் போனாலும் காற்றில் ஆக்சிஜனின் பங்கு 20.9 சதவீதம்தான், குறைவது அழுத்தம். 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் லே நகரில் அது கடல்மட்டத்தில் உள்ளதில் மூன்றில் இரண்டு பங்கு. எவரெஸ்ட் உச்சியில் மூன்றில் ஒரு பங்கு. அது உடலுக்குள் என்னவாகத் தெரிகிறது என்பதை 2007இல் பிரிட்டிஷ் மருத்துவர் குழு ஒன்று எவரெஸ்டின் மேலேயே அளந்தது. உச்சியைத் தொட்டு இறங்கும் வழியில், 8,400 மீட்டர் உயரத்தில், ஆக்சிஜன் முகமூடியைக் கழற்றிவிட்டுக் காத்திருந்து, குளிருக்கான உடையைத் திறந்து, தொடை இடுக்கில் உள்ள தமனியில் ஊசி போட்டு நான்கு பேரின் இரத்தத்தை எடுத்தார்கள். 6,400 மீட்டரில் இருந்த முகாமுக்கு இரண்டு மணி நேரத்துக்குள் அதை இறக்கிப் பரிசோதித்தார்கள். கடல்மட்டத்தில் 90 முதல் 100 வரை இருக்கும் தமனி ஆக்சிஜன் அழுத்தம் அவர்களுக்குச் சராசரியாக 24.6 மில்லிமீட்டர் பாதரசம். ஒருவருக்கு 19.1. மருத்துவமனையில் இந்த எண்ணைக் கண்டால் நோயாளி பிழைப்பது அரிது என்று நினைப்பார்கள். இவர்கள் நினைவோடு நடந்துகொண்டிருந்தார்கள்.

இவ்வளவு குறைந்த ஆக்சிஜனில் ஆக்சிஜனேற்றம் எப்படிக் கூடும் என்பதுதான் பலருக்கும் விளங்காத இடம். மைட்டோகாண்ட்ரியாவின் உள்சவ்வில் எலக்ட்ரான்கள் ஒரு புரதத் தொகுதியிலிருந்து அடுத்ததற்குக் கைமாறி, கடைசியில் ஆக்சிஜனிடம் போய்ச் சேர்ந்து தண்ணீராகின்றன. கட்டட வேலையில் ஆட்கள் வரிசையாக நின்று செங்கல்லைக் கைமாற்றி மாடிக்கு ஏற்றுவதைப் போன்றது இது. மேலே கடைசியில் நின்று வாங்குபவர் தாமதித்தால் கீழிருப்பவர்கள் கையில் கற்கள் தேங்கி நடுவழியில் நழுவத் தொடங்கும். ஆக்சிஜன் குறையும்போதும் எலக்ட்ரான்கள் இப்படித்தான் சங்கிலியின் நடுவில், முக்கியமாக மூன்றாவது தொகுதியில் தேங்கி, அக்கம்பக்கத்தில் மிஞ்சியிருக்கும் ஆக்சிஜனை அரைகுறையாகப் பற்றிக்கொண்டு சூப்பர் ஆக்சைடாகின்றன. 1998இல் நவ்தீப் சாண்டெலும் சக ஆய்வாளர்களும், ஆக்சிஜன் குறைவதைச் செல் உணர்ந்து தன் மரபணுக்களை மாற்றி இயக்குவதில் இந்தக் கசிவுக்கும் பங்கு உண்டு என்று காட்டினார்கள். ஆக்சிஜன் குறைந்தால் எச்.ஐ.எஃப். என்ற புரதம் நிலைத்து நின்று, சிவப்பணுக்களைப் பெருக்கும் ஹார்மோன் உள்ளிட்ட நூற்றுக்கணக்கான மாற்றங்களைத் தொடங்கிவைக்கிறது. இதன் அடிப்படையைக் கண்டறிந்ததற்காகத்தான் செமன்ஸா, ராட்கிளிஃப், கேலின் மூவருக்கும் 2019இல் மருத்துவ நோபல் கிடைத்தது.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். மலையிலும் இந்தக் கசிவு அறிவிப்பு வேலைதான் செய்கிறது என்றால், பயிற்சியைப் போலவே மலையும் நன்மை அல்லவா செய்ய வேண்டும்? நடுத்தர உயரத்தில், சில வாரங்களுக்கு, ஓரளவு செய்யத்தான் செய்கிறது. 2,500 மீட்டர் உயரத்தில் தங்கி, கீழே 1,250 மீட்டருக்கு இறங்கிப் பயிற்சி செய்த ஓட்டக்காரர்களின் திறன் கூடியதை 1997இல் லெவினும் ஸ்ட்ரே-குண்டர்சனும் காட்டிய பிறகு உலகெங்கும் விளையாட்டு வீரர்கள் அந்த முறையைப் பின்பற்றுகிறார்கள். ஆனால் ஓட்டத்துக்கும் உயரத்துக்கும் ஓர் அடிப்படை வேறுபாடு உண்டு. ஓட்டம் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். மீதி இருபத்துமூன்று மணி நேரம் உடல் செப்பனிட்டுக்கொள்ளும். உயரம் முடிவதில்லை. தூங்கும்போதும் அது இருக்கிறது; சொல்லப்போனால் இரவில் மோசமாகிறது. உயரத்தில் தூங்குபவரின் மூச்சு சில நொடி நின்று பிறகு வேகமெடுப்பதால் இரத்த ஆக்சிஜன் இரவெல்லாம் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். அதோடு பசி மந்தமாகிறது. காய்கறி, பழம் கிடைப்பது அரிதாகிறது. குளிரும், 1,000 மீட்டருக்குச் சுமார் 10 சதவீதம் என்று கூடிக்கொண்டே போகும் புற ஊதாக் கதிரும் சேர்ந்துகொள்கின்றன. செய்த வேலையும் முன்பு போல் இருப்பதில்லை. எவரெஸ்ட் உச்சியில் உடல் பயன்படுத்தக்கூடிய உச்ச ஆக்சிஜன் நிமிடத்துக்குச் சுமார் ஒரு லிட்டர்தான் என்பதால், கடல்மட்டத்தில் சாதாரண நடையாக இருந்தது அங்கே முழுத் திறனையும் பிழியும் உழைப்பாகிவிடுகிறது.

தசையே இதற்குச் சாட்சி சொல்கிறது. கீழே பயிற்சி செய்தால் மைட்டோகாண்ட்ரியா பெருகும் என்று பார்த்தோம். எவரெஸ்டில் இரண்டு மாதத்துக்கு மேல் இருந்து 6,400 மீட்டரைத் தாண்டி ஏறியவர்களின் தொடைத் தசையை எடுத்துப் பார்த்தபோது மைட்டோகாண்ட்ரியாவின் அடர்த்தி ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது. அவற்றைப் பெருக்கும் பி.ஜி.சி-1 ஆல்பாவும் குறைந்திருந்தது. அவர்களும் நாள்தோறும் உழைத்தவர்கள்தான். மலையேறும் வீரர்களின் மூச்சில் வெளியேறும் பென்டேன் வாயு, சவ்வுக் கொழுப்பு சிதைவதைக் காட்டும் ஓர் அடையாளம். 1988இல் வெளியான இமயமலை ஆய்வு ஒன்றில் நான்கு வாரத்தில் அது ஏறக்குறைய இரட்டிப்பானது. தேர்ந்த விளையாட்டு வீரர்கள் செயற்கை உயரச் சூழலில் தங்கிப் பயிற்சி செய்து முடித்து இரண்டு வாரம் ஆன பிறகும் அவர்களின் காப்பு நிலை பழையபடி திரும்பவில்லை என்று பிரெஞ்சு ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். இடைவெளி விட்டு வரும்போது உடலை வலுப்படுத்திய அதே மூலக்கூறுகள் இடைவெளியில்லாமல் வரும்போது தேய்க்கின்றன என்று நான் சொல்வது இதை வைத்துத்தான்.

அளவீடுகளையே சந்தேகிப்பவர்கள் உண்டு. அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. மலையில் முதல் சில நாட்களில் இரத்தத்தின் நீர்ப்பகுதி குறைந்துவிடுவதால் எதை அளந்தாலும் செறிவு கூடியதாகத் தெரியும். கொழுப்புச் சிதைவை அளக்கப் பல பழைய ஆய்வுகள் பயன்படுத்திய மாலோன்டைஆல்டிஹைடு சோதனை, வேறு பொருட்களையும் சேர்த்துக் கணக்கிட்டுவிடும். இந்தக் குறைகளால் சில எண்கள் உண்மையைவிடப் பெரிதாகியிருக்கும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மூச்சு, இரத்தம், தசை என்று வெவ்வேறு இடங்களில், வெவ்வேறு முறைகளில் அளந்தவை ஒரே திசையைக் காட்டும்போது அந்தத் திசையை மறுப்பது கடினம்.

அப்படியானால் மலைக்காவது மாத்திரை உதவுமா? மேலே சொன்ன வாதத்தின்படி, இங்கே அழுத்தம் கேடாக மாறுவதால், உதவ வாய்ப்பு இருக்க வேண்டும். 1988 ஆய்வில் வைட்டமின் இ எடுத்த வீரர்களுக்குப் பென்டேன் கூடவில்லை. எவரெஸ்ட் அடிவார முகாமுக்குச் சென்ற 18 பேரை வைத்து 2001இல் வெளியான ஆய்வில் ஆன்டிஆக்சிடன்ட் எடுத்தவர்களுக்கு மலைநோயின் தலைவலியும் குமட்டலும் குறைந்தன. நம்பிக்கை தந்த முடிவுதான். ஆனால் பொலிவியாவில் 5,200 மீட்டருக்கு ஏறிய 83 பேரைக் கொண்டு, யாருக்கு உண்மை மாத்திரை, யாருக்குப் போலி மாத்திரை என்று கொடுத்தவருக்கும் தெரியாத முறையில் நடத்தி 2009இல் வெளியான பெரிய ஆய்வில், வைட்டமின் சி, வைட்டமின் இ, ஆல்பா லிப்போயிக் அமிலம் மூன்றும் சேர்த்துக் கொடுத்தும் மலைநோய் குறையவில்லை. சிறிய ஆய்வும் பெரிய ஆய்வும் முரண்படும்போது நான் பெரியதன் பக்கமே நிற்பேன். காரணமும் ஊகிக்கக் கூடியதுதான்: கசிவின் ஊற்று மைட்டோகாண்ட்ரியாவுக்குள் தேங்கும் எலக்ட்ரான்கள். ஆக்சிஜன் வரத்து சரியாகும்வரை தேக்கம் தொடரும். வெளியிலிருந்து போடும் வைட்டமின் கசிந்ததைத் துடைக்கலாம், கசிவை நிறுத்தாது.

உயரத்திலேயே தலைமுறைகளாக வாழ்பவர்களைப் பார்த்தால் உடல் இதற்குத் தேடிக்கொண்ட விடை தெரிகிறது. 2017இல் வெளியான ஆய்வில் ஷெர்பாக்களின் தசை, சமவெளிக்காரர்களின் தசையைவிடக் குறைந்த ஆக்சிஜனில் அதிக ஆற்றலைத் தயாரித்தது. மலையேறியபோது ஆக்சிஜனேற்ற அழுத்தத்தின் அடையாளங்களும் அவர்களுக்குக் குறைவாக இருந்தன. திபெத்தியரின் இரத்தத்தில் நைட்ரிக் ஆக்சைடின் விளைபொருட்கள் சமவெளி மக்களுக்கு இருப்பதைவிடப் பத்து மடங்குக்கு மேல் என்று 2007இல் கண்டறிந்தார்கள். இரத்தக் குழாய்களை விரித்து ஆக்சிஜனைத் திசுக்களுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் பொருள் அது. அதாவது அவர்கள் உடல் துடைக்கும் வேலையைக் கூட்டவில்லை, தேக்கத்தையே குறைத்துக்கொண்டது. ஆண்டிஸ் மலையில் எல்லாரும் அந்த அளவுக்குத் தகவமைந்துவிடவில்லை. அங்கே சிலருக்குச் சிவப்பணுக்கள் அளவுமீறிப் பெருகி இரத்தம் தடித்துப்போகும் நோயை 1925இல் பெருவின் கார்லோஸ் மோங்கே விவரித்தார். அந்த நோயாளிகளிடம் ஆக்சிஜனேற்ற அழுத்தம் தொடர்ந்து கூடியிருப்பதைப் பின்னாளைய ஆய்வுகள் காட்டின. அந்த நோய் உள்ளவர் சமவெளிக்கு இறங்கி வாழ்ந்தால் குணம் தெரிகிறது.

இந்தச் சான்றுகளிலிருந்து நடைமுறைக்கு வருவது எளிது. உடற்பயிற்சி செய்பவருக்கு, குறைபாடு இருப்பதாக மருத்துவர் சொல்லாதவரை, வைட்டமின் சி, இ மாத்திரைகள் தேவையில்லை. நெல்லிக்காயும் கீரையும் பழமும் சாப்பிடுவதும், கடும் பயிற்சிக்கு மறுநாள் தசைக்கு ஓய்வு கொடுப்பதும் போதும். மலைக்குப் போகிறவருக்கு மருந்துப்பையைவிடப் பயணத் திட்டம் முக்கியம். சென்னையில் காலையில் விமானம் ஏறி டெல்லி வழியாக லேவில் இறங்குபவரின் உடலுக்குப் பழக நேரமே கிடைப்பதில்லை. மறுநாளே 5,300 மீட்டரைத் தாண்டும் கர்துங் லா கணவாய்க்கு வண்டி பிடிப்பது ஆபத்தை விலைக்கு வாங்குவதாகும். லேவில் முதல் இரண்டு நாட்கள் அலையாமல் தங்குங்கள். 3,000 மீட்டருக்கு மேல், தூங்கும் இடத்தின் உயரத்தை ஒரு நாளில் 500 மீட்டருக்கு மேல் கூட்டாதீர்கள். மூன்று நான்கு நாட்களுக்கு ஒருமுறை ஏறாமல் ஒரே இடத்தில் தங்குங்கள். தலைவலியோடு தள்ளாட்டமோ, படுத்திருக்கும்போதும் மூச்சுத்திணறலோ வந்தால் எந்த மாத்திரையையும் நம்பிக் காத்திருக்காமல் அப்போதே கீழே இறங்குங்கள்.